வரைவுக் குழுத் தலைவரின் திருவுருவப் படம்: அது வந்த வரலாறு

நம் அரசியல் சட்டம் உருவான மண்டபத்தில், அச்சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவராக விளங்கிய அண்ணல் அம்பேத்காரின் திருவுருவப் படம் எப்பொழுது இடம்பெற்றது? அதனைத் தீட்டியவர் யார்? வழங்கியவர் யார்? இவ்வினாக்களுக்குரிய விடையை நம் சமுதாய இளைஞர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

புதுதில்லிப் பாராளுமன்றத்தின் மைய மண்டபமே அரசியல் நிர்ணய சபை கூடிய இடமாகும். சர் ஆஸ்வால்டு பர்லி என்னும் ஓவியர் தீட்டிய காந்தியடிகளின் படத்தை 1947 ஆகஸ்டு 28-ஆம் நாள் சபைத் தலைவர் இராசேந்திர பிரசாத் அங்குத் திறந்து வைத்தார். மறுநாளே வரைவுக் குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் தலைமையை ஏற்று அண்ணல் ஆற்றிய பணியை உலகம் அறியும்.

இராசேந்திர பிரசாத் 1963-இல் மறைந்தார். 1964-இல் அவர் படம் அம்மண்டபத்தில் இடம்பெற்றது. நேரு 1964-இல் மறைந்தார். 1966-இல் அவர் படமும் இடம்பெற்றது. அண்ணலோ 1956 டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார். 1967 ஏப்ரல் 2-ஆம் நாள் பாராளுமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. வெளியே சிலையாக நின்றவர் உள்ளே படமாக நுழைய மேலும் 23 ஆண்டுகள் ஆயின! வாயிலுக்கு வெளியே காத்து நிற்பது எத்தகையது என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

1990 ஏப்ரல் 12-ஆம் நாள் பிரதமர் வி.பி. சிங் அப்படத்தைத் திறந்து வைத்தார். அதனைத் தீட்டியவர் ஜெபா அம்ரோஹவி என்னும் பெண் ஓவியர். வழங்கியது டாக்டர் அம்பேத்கார் விசார் மஞ்ச் என்னும் அமைப்பு. அண்ணலுக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். அரசு தானாக முன்வந்து ஆக்கி மாட்டிய படமன்று அது. அவர் பெயரால் அமைந்த ஓர் அமைப்பு கொண்டுவந்து கொடுத்த படம் என்பதை நாம் மறத்தலாகாது.

காத்திருத்தல் நம் ஊருக்கும் உண்டு. 1950 சனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கரிக்கலாம்பாக்கம் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1-இல் நிருவாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. புதுவைக்குரிய அட்டவணைச் சாதியார் ஆணை 1964-இல்தான் பிறந்தது. இந்த ஆண்டுகளை எழுத்தில் காத்தவர்கள் இருந்தமையால்தான் இன்று நாம் அவற்றை ஐயமின்றிச் சொல்ல முடிகிறது.

ஆகவே, உறுப்பினர்களிடமும் இளைஞர்களிடமும் ஒன்று வேண்டுகிறோம். சங்கக் கட்டடத்திலும் நம் இல்லங்களிலும் உள்ள பழைய படங்களின் பின்புறத்தில், படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் அல்லது தீட்டியவர் யார், எந்த ஆண்டு, கொடுத்தவர் யார் என்பவற்றை, தெரிந்த முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறைக்குள் யாரோ ஒருவரின் படமாகிவிடும். நம் வரலாற்றை எழுதி வைக்கும் கடமை நம்முடையதே.