உலக்கையும் எஞ்சினும்: மின்சாரத்திற்கு முந்திய தமிழகச் சிற்றூர்

தமிழகச் சிற்றூர்களில் எந்திர விசை புகுந்த வரலாறு, 1932இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா திட்டத்தோடு பிறந்தது என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. கவலைக்கும் மின்மோட்டாருக்கும் இடையே ஆயில் எஞ்சினின் காலம் ஒன்று இருந்ததை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

1890இல் காப்புரிமை பெற்று, 1892 முதல் இங்கிலாந்தின் கிரந்தம் நகரில் உருவாக்கப்பட்ட ஹார்ன்ஸ்பி - அக்ராய்டு எஞ்சினுக்கு மின்பொறி தேவையில்லை. அதன் தலைப்பகுதியிலுள்ள குமிழை விளக்கினால் பழுக்கக் காய்ச்சிவிட்டு, சக்கரத்தைச் சுழற்றினால் போதும். பின்னர் அது தன் வெப்பத்தாலேயே ஓடும். மின்கம்பி எட்டாத ஊர்களில் இவ்வகை எஞ்சின்கள் நிலைகொண்டமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிணற்றுப் பாசனத்திற்கு எஞ்சினையும் பம்பையும் பரப்ப முனைந்தார். எனினும் பம்பு ஏறத்தாழ 25 அடிக்குமேல் நீரை உறிஞ்சாது. ஆகவே ஆழ்ந்த கிணறுகளில் பம்பைக் கிணற்றின் உள்ளேயே இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஊற்றுக் குறைந்த கிணறோ சிறிது நேரத்தில் வற்றிவிடும். பெருங்கிணறு உடையவருக்கே எஞ்சின் பயன்பட்டது.

நெல் அரைவையில் நிலைமை வேறு. எஞ்சினோடு வாரால் பிணைக்கப்பட்ட ஹல்லர், உமியையும் தவிட்டையும் ஒருசேர நீக்கியது. தன் வீட்டு நெல்லைக் குத்திய பெண்ணுக்கு அது ஓய்வு. கூலிக்கு நெல் குத்திப் பிழைத்த கைம்பெண்ணுக்கோ வயிற்றில் அடி. 1934இல் வார்தாவில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கமும், அதன் செயலாளரான தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியபோது, சத்தும் வேலைவாய்ப்பும் முன்னிறுத்தப்பட்டன. உலக்கை பிடித்தவளின் உடல்நோவு அவ்வாதத்தில் போதிய இடம் பெறவில்லை என்பது நம் கருத்து.

சத்து பற்றிய சான்று மலாயாவிலேயே கிடைத்திருந்தது. தீட்டிய பச்சரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளரை பெரிபெரி நோய் வாட்ட, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரிதும் தப்பினர். 1905இல் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோயர் விடுதியில் இருவகை அரிசியையும் தனித்தனியே கொடுத்து இவ்வேறுபாட்டைக் கண்டார். அச்சீனர் உண்டது பெரும்பாலும் சயாமியப் பேராலைகளின் அரிசி. சிற்றூர் எஞ்சினின் அரிசியன்று. ஆயினும் தீட்டியதன் விளைவு ஒன்றே. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது. ஆக, எஞ்சின் பறித்ததில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பெண்களின் அடுப்படி வழக்கமே முன்கூட்டிக் காத்து வைத்திருந்தது.

அரைவைக் கூடங்கள் பின்னர் மின்மோட்டாருக்கு மாறின. ஊரார் நாவில் மட்டும் அவை இன்றும் ‘மிஷின்’தான்.