உயரம் பார்ப்பதா, கனஅளவு பார்ப்பதா?

சிஞ்ச்வட் வாகன உதிரிபாகத் தொழிற்கூடங்களில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு 'கோ, நோ-கோ' கேஜைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது, பாகம் தேறிவிட்டது. அதே கூடத்தில் குளிரூட்டிய அறைக்குள் சிஎம்எம் எந்திரம் முப்பரிமாணத்தில் மைக்ரான் கணக்குச் சொல்லும். எல்லாப் பாகத்தையும் அதில் ஏற்றுவதில்லை.

உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவோடு சேர்ந்து வரும் ஈறுப்பிளவுக்கு எலும்பு ஒட்டிய பிறகு, ஒட்டு பிடித்ததா என்று பார்ப்பதிலும் இதே இரண்டு வழிகள்.

முதலில் சிகிச்சை. உதட்டையும் அண்ணத்தையும் குழந்தைப் பருவத்திலேயே தைத்துவிடுவார்கள்; ஈறெலும்பின் இடைவெளி மட்டும் காத்திருக்கும். கைக்குழந்தைக்கே எலும்பு வைத்துப் பார்த்த காலமும் உண்டு. மேல்தாடை வளர்ச்சி குன்றியதால் பெரும்பாலோர் அதைக் கைவிட்டார்கள். 1972இல் பாய்னும் சாண்ட்ஸும் எழுதிய முறைதான் இன்று வழக்கம்: கோரைப்பல் இறங்குவதற்கு முன், ஏறக்குறைய 9 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பின் பஞ்சுபோன்ற உட்பகுதியைச் சுரண்டி எடுத்துப் பிளவில் நிரப்புவது. ஒட்டிய எலும்பின் வழியாகவே பல் இறங்கி வரும்.

ஆஸ்லோவைச் சேர்ந்த பெர்க்லாண்ட் குழு 1986இல் தந்த அளவுகோல் 'கேஜ்' ரகம். சாதாரண பல் எக்ஸ்ரேயில் இரு பற்களுக்கு இடையிலுள்ள எலும்பின் உயரம் பார்க்கிறார்கள். இயல்புக்கு நெருங்கினால் முதல் வகை, முக்கால் பங்காவது இருந்தால் இரண்டாவது, அதற்கும் குறைந்தால் மூன்றாவது, பிளவின் குறுக்கே எலும்புப் பாலமே உருவாகவில்லை என்றால் நான்காவது. முதல் இரண்டும் வெற்றி. செலவு குறைவு, கதிர்வீச்சு குறைவு. ஆனால் படம் தட்டையானது: உதட்டுப் பக்கத்திலிருந்து அண்ணப் பக்கம்வரை எலும்பின் பருமன் அதில் தெரியாது. தகடு போல மெலிந்த எலும்பும் நல்ல உயரத்தோடு தேறிவிடும்.

சிஎம்எம் ரகம், சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன்; அது அந்தப் பருமனைக் காட்டுகிறது. கன மில்லிமீட்டரில் அளக்கலாம், ஒட்டு எவ்வளவு கரைந்தது என்றும் சொல்லலாம். ஆனால் கதிர்வீச்சு ஒற்றை எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. பற்கம்பி போட்ட வாயில் உலோகம் படத்தைக் கெடுக்கும். எத்தனை சதவீதம் நிரம்பினால் வெற்றி என்பதற்கு எல்லாரும் ஏற்ற எல்லைக்கோடும் இல்லை. துல்லியமான எண் கையில் இருக்கும், தீர்ப்பு இருக்காது.

என் கணக்கில், வளரும் பிள்ளைக்கு எக்ஸ்ரே போதும். கோரைப்பல் தானாக இறங்கி வந்தால் அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். இம்ப்ளாண்ட் பொருத்தப்போகிறார்கள், மறுபடி ஒட்ட வேண்டுமா என்று சந்தேகம், பல் பாதியில் நின்றுவிட்டது — அப்போது ஸ்கேன் எடுக்கட்டும். முடிவை மாற்றாத ஸ்கேன் பிள்ளைக்கு வீண் கதிர்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அறுவைக்கு முன் எடுத்த படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1997இல் வந்த கிண்டலன் அளவுகோல் முன்படத்தையும் பின்படத்தையும் பக்கத்தில் வைத்தே பிளவு எவ்வளவு நிரம்பியது என்று மதிப்பிடுகிறது. அதற்குக் கோரைப்பல் முளைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.