மூன்று விரல் உப்பு

பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் போக்கு மிகும் என்ற நம்பிக்கை பல நாடுகளிலும் நெடுங்காலம் இருந்தது. குழந்தையைக் கொல்வது பேதியோடு வெளியேறும் நீரும் உப்பும்தான் என்பதை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் இழந்ததை இரத்தக்குழாய் வழியே ஏற்றுவதே அவர்கள் அறிந்த முறை. ஊசியும் புட்டியும் இல்லாத ஊரில் அதனால் பயனில்லை.

சர்க்கரை உடனிருந்தால் குடற்சுவர் உப்பையும் உள்ளிழுத்துக்கொள்கிறது, அதன் பின்னே நீரும் செல்கிறது என்பது 1960களில் தெளிவாயிற்று. 1968இல் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் மருத்துவர்கள் இருவர் நோயாளிகளைக் குடிக்கச் செய்தே இதைக் காட்டினர். 1971இல், போருக்குத் தப்பி எல்லை கடந்த அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவில் சலைன் தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார். பிடித்துக் கொடுத்தவர்கள் நோயாளிகளின் உறவினர்களே. 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

இதுவரை பலரும் எழுதியதுதான். எனக்கென்னவோ, பின்னர் நடந்ததே பெரிய கதையாகத் தோன்றுகிறது. எழுத்தறியாத தாய் உப்பைக் கூட்டிவிட்டால் ஆபத்தாயிற்றே என்ற தயக்கம் (நியாயமானதும்கூட) மருத்துவர்களிடையே இருந்தது. 1980இல் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு துணிந்தது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். 'லோபோன் குர்' என்று பெயர். லோபோன் நம் சித்த மருத்துவர்களின் இலவணமேதான்.

பெண் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று, தாயின் கையாலேயே கலக்கச் செய்தனர். சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து சில வீடுகளில் மட்டும் சோதிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்தே ஊழியருக்குக் கூலி. (மாணவர் தேறினால்தான் ஆசிரியருக்குச் சம்பளம்! நம் பள்ளிகளில் இதைச் சொல்லிப் பாருங்கள்.)

தாய்மார் பிசகாமல் ஒப்பித்தார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி கண்டபோது கரைத்துக் கொடுத்தவர்கள் முதலில் மிகச் சிலரே. துருவிப் பார்த்ததில், ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கையில்லை, தமக்கு நோய் வந்தால் மாத்திரையையே நாடினர் என்பது தெரிந்தது. கரைசல் வேலை செய்யும் விதத்தை முதலில் அவர்களுக்கு விளக்கினார்கள். ஆண்களை விட்டுவிட்டதும் பிழையென்று கண்டு, சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் அவர்களோடு பேசினார்கள். அதன்பின் வழக்கம் பரவியது. 1990இல் பணி முடிந்தபோது 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை அவர்கள் எட்டியிருந்தனர்.

அளவு பிசகாத பொட்டலம் கடையில் கிடைக்கும் இக்காலத்தில் விரலளவை நாடவேண்டியதில்லை. அதன் உப்புச் செறிவையும் உலக சுகாதார நிறுவனம் 2002இல் குறைத்தது. கண் குழிந்து, குடிக்கவும் இயலாமல் துவளும் குழந்தைக்கு மருத்துவமனைதான் இடம், அன்றும் இன்றும்.

மகலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். பத்ம விபூஷண் விருது 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.