காற்றாலை இறக்கை இவ்வளவு வளைஞ்சும் உடையாதது எப்படி? பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்!

விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல் காட்டு வழியாகப் போகிறவர்களுக்குக் காற்றாலை புதுசு இல்லை. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-ல் தூத்துக்குடியில்தான் வந்தது. இன்று தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 80 மீட்டரைத் தாண்டும் இறக்கைகளே கப்பல் ஏறுகின்றன. பலத்த காற்றில் இவற்றின் நுனி பல மீட்டர் வளையும். அப்போதும் உடையக்கூடாது. வளைந்து, தாங்கி நிற்கும் கோபுரத்திலேயே போய் மோதிவிடவும் கூடாது.

உள்ளே என்ன இருக்கு?

கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, எப்பாக்ஸி பிசின் செலுத்தி இறுக வைக்கிறார்கள். சில இடங்களில் நடுவே பால்சா மரமோ ஃபோமோ இருக்கும். இழை ஓடும் திசையில் பலம் அதிகம், குறுக்கே குறைவு. அதனால் அடுக்குக்கு அடுக்கு இழையின் கோணத்தை மாற்றுவார்கள். ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு விறைப்பு, நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துக் கூட்டினால் மொத்தப் பலகையின் விறைப்பு கிடைக்கும்.

சிக்கல் எங்கே?

கொஞ்சமாக வளையும்போது கணக்கு சுலபம். காற்றின் விசை இரண்டு மடங்கானால் வளைவும் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். நிறைய வளைந்தால் இது பலிக்காது. சாய்வு 0.01 என்றால் அதன் வர்க்கம் 0.0001, விட்டுவிடலாம். சாய்வு 0.3 ஆனால் வர்க்கம் 0.09. இதை எப்படி விடுவது? எளிய கணக்கில் நுனி நேராகப் பக்கவாட்டில் நகரும், அதாவது இறக்கையே நீண்டுவிட்ட மாதிரி விடை வரும். நிஜத்தில் நுனி உள்பக்கமாகவும் இழுபடுகிறது.

இன்னொன்று, அடுக்குகளுக்கு இடையே வழுக்கல். ஒரு கட்டு பேப்பரை வளைத்துப் பாருங்க, தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று நழுவும். பிசின் அந்த நழுவலைத் தடுக்கிறது. அது விட்டுப்போனால் அடுக்கு பிரியும், வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இந்த வழுக்கு விசையைச் சரியாகச் சேர்க்கும் கணக்கு முறை ஒன்றை 1984-ல் வெளியிட்டவர், தெலங்கானாவில் பிறந்த பேராசிரியர் ஜே.என்.ரெட்டி.

நம்ம கடலின் முத்துச்சிப்பியும் இதே வித்தைதான். அரை மைக்ரான் அளவு தடிமனுள்ள சுண்ணாம்புத் தகடுகள், இடையில் மெல்லிய புரதப் பசை. தகடுகள் துளி நழுவிக் கொடுப்பதால் ஓடு சட்டென்று உடைவதில்லை.

கம்ப்யூட்டர் எவ்வளவு சொன்னாலும், புது வகை இறக்கை ஒன்றின் அடிப்பகுதியை இறுகப் பூட்டி, இழுத்து வளைத்து, லட்சக்கணக்கான தடவை ஆட்டிப் பார்த்த பிறகுதான் அந்த வகைக்குச் சான்றிதழ்.