புள்ளிப்புறா வலசை போகிறதா? விதைக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி பக்கம் நெல் அறுத்த வயலில் புறாக்கள் கூட்டமாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சில நாளில் ஒன்றையும் காணோம். வலசை வந்த வெளியூர்ப் பறவை, திரும்பிப் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல.

பின்கழுத்தில் கறுப்புப் பட்டையும் அதில் வெள்ளைப் புள்ளிகளும் இருந்தால் அது புள்ளிப்புறா. மணிப்புறா என்றும் சொல்வார்கள். ஆண்டு முழுவதும் நம்மோடு இருக்கும் பறவை இது. பழவேற்காட்டுக்கு வரும் பூநாரையைப் போலப் பருவம் பார்த்து நெடுந்தூரம் பறப்பதில்லை. புறாக்களில் வலசை போகும் வகையும் உண்டு. ஐரோப்பாவில் கூடு கட்டும் ஒரு காட்டுப்புறா குளிர்காலத்தில் சகாரா பாலைவனத்தையே தாண்டி ஆப்பிரிக்கா போகிறது. நம் ஊரில் எல்லா மாதமும் ஏதாவது தானியம் கிடைப்பதால் புள்ளிப்புறாவுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

அது இடம் மாறுவது இரைக்கும் தண்ணீருக்கும்தான். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று எங்கே அறுவடையோ அங்கே சேரும். உதிர்ந்த நெல்லும் புல் விதையும் தீர்ந்ததும் அடுத்த வயலுக்குப் போகும். காய்ந்த தானியம் தின்பதால் தினமும் தண்ணீர் வேண்டும். கோடையில் குட்டை வற்றினால் ஏரிக்கரை, பம்புசெட் தொட்டி பக்கம் ஒதுங்கும்.

ஆகவே விரட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. அது பக்கத்து மரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். வெடிச் சத்தமும் நாலு நாளில் பழகிவிடும். காவலை விதைப்பு நாளில் இருந்து பயிர் வேர் பிடிக்கும் வரை வையுங்கள். காலையும் சாயங்காலமும்தான் அதிகம் மேயும். அந்த நேரம் ஆள் இருந்தால் போதும். மினுக்கு நாடா கட்டினால் அவ்வப்போது இடம் மாற்றுங்கள்.

முக்கியமான ஒன்று: புறா கோழியைப் போலக் காலால் கிளறாது. மேலே கிடப்பதைத்தான் பொறுக்கும். உளுந்து, எள், கம்பு எதுவானாலும் தூவியதும் மண் மூடிவிட்டால் பெரும்பகுதி தப்பிவிடும். சேற்றில் நேரடியாக விதைக்கும் நெல்லை மூட வழியில்லை. அங்கே ஆள் காவல்தான்.

விஷம் கலந்த தானியம் மட்டும் வேண்டாம். மைனா, மயில், உங்கள் வீட்டுக் கோழி என்று யாரையும் அது விடாது. காட்டுப் பறவைகளைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. மருந்திட்டு விதைநேர்த்தி செய்த விதை வரப்பில் சிந்தினாலும் இதே ஆபத்து உண்டு. விதைத்து முடித்ததும் அதைக் கூட்டி எடுத்து, கிணறு, குட்டைக்கு எட்டத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.