பட்டணத்துக் கான்வென்டும் தோட்டத்துப் பிள்ளையும்



சுங்கைப்பட்டாணிக்கு பஸ் ஏறிப் போகிறவர்கள் ‘கான்வென்ட் ஃபாதர் பாரே’ என்ற பெயரை அறிவீர்கள். “யார் டீச்சர் அந்த ஃபாதர் பாரே?” என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகிவிட்டது. தேடிப் படித்தேன். படித்ததையும், என் அம்மா சொல்லக் கேட்டதையும் சேர்த்து இந்தப் பரிசளிப்பு விழா மலரில் எழுதுகிறேன்.

நிக்கோலா பாரே 1621இல் பிரான்ஸ் நாட்டில் பிறந்த பாதிரியார். ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகள் எழுத்தறிவில்லாமல் அலைவதைக் கண்டு, 1662இல் ரூவான் நகரப் பக்கம் அவர்களுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அதிலிருந்து வளர்ந்ததே குழந்தை இயேசு கன்னியர் சபை. அந்தச் சபைக் கன்னியர் 1852இல் கப்பலேறிப் பினாங்குக்கு வந்து லைட் ஸ்திரீட் கான்வென்டைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் லசால் சகோதரர்களும் வந்து, பையன்களுக்காக செயின்ட் சேவியர் பள்ளியை ஏற்றார்கள்.

அப்போது கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909இல்தான் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பிறகு ரப்பர் வந்தது, ரயில் வந்தது, பட்டணங்கள் வளர்ந்தன. கத்தோலிக்கப் பள்ளிகளும் வந்தன. அலோர்ஸ்டாரில் செயின்ட் மைக்கல், செயின்ட் நிக்கலஸ் கான்வென்ட், கூலிமில் செயின்ட் பேட்ரிக், செயின்ட் ஆன் கான்வென்ட் என்று இன்றும் அந்தப் பெயர்கள் நிலைத்திருக்கின்றன.

நிற்க. நம் தோட்டத்துப் பிள்ளைகளின் கதை வேறு. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, நாலைந்து பெஞ்சு, ஒரே ஆசிரியர். சில இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும், பிறகு பால்மரம்தான். 1965 முதல் இடைநிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு இல்லை என்றானது. அதன் பிறகுதான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் ‘ரிமூவ்’ எனப்பட்ட புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்து, பட்டணத்துப் பள்ளியில் முதலாம் படிவத்துக்குப் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் என் அம்மா. ஆண்டு 1971. ஒரு பட்டணத்துக் கான்வென்ட். விடியற்காலையில் தாத்தாவும் பாட்டியும் பெரட்டுக்குக் கிளம்பும்போதே அம்மாவும் எழுந்து, நீலப் பினாஃபோர் போட்டு, வெள்ளைச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு செம்மண் ரோட்டில் நடப்பாராம். பஸ் நிற்கும் இடம் வந்ததும்தான் சப்பாத்தை மாட்டுவாராம்.

“மணி அடிச்சா ஊசி விழுந்தாக் கூடக் கேக்கும். கத்தோலிக்கப் பிள்ளைங்க ஞானோபதேசத்துக்குப் போயிடுவாங்க, எங்களுக்கு நன்னெறி வகுப்பு. காலையில ஜெபம் சொல்றப்ப நான் மனசுக்குள்ள முருகனைக் கும்பிட்டுக்குவேன். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல” என்று அம்மா சிரித்தபடி சொல்வார்.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். அங்கே தமிழில் பேசினால் ஐந்து காசு அபராதமாம். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைக் கட்டிவிட்டுப் பாதி வழி நடந்த நாளும் உண்டாம். “தோட்டத்துப் பிள்ளை” என்று பட்டணத்துப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்ததும் உண்டாம்.

1974இல் ரப்பர் விலை விழுந்தது, அரிசி விலை ஏறியது. அந்த ஆண்டு நவம்பரில் பாலிங்கில் ஆயிரக்கணக்கான மக்கள் வயிற்றுக்காகத் திரண்டதை வரலாறு சொல்லும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ. தேர்வுக்குச் சில மாதம் இருக்கும்போது அம்மா நின்றுவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு கன்னியாஸ்திரீ குடை பிடித்துக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். கூட வந்த தமிழ் ஆசிரியை அவர் பேச்சைத் தமிழில் சொன்னார்: “புஸ்தகம் நாங்க தர்றோம். பஸ் காசுக்கும் வழி பண்றோம். பிள்ளைய மட்டும் அனுப்புங்க.” தாத்தா துண்டைக் கையில் எடுத்து, “அடுத்த மாசம் அனுப்புறேன் மதர்” என்றாராம். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. அம்மா பால்வெட்டும் கத்தியைப் பிடித்தார்.

காலம் மாறியது. 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கிய மலாய் மொழி மாற்றம், 1980இல் ஐந்தாம் படிவத்தை எட்டியது. கன்னியர் குறைந்து, அரசு நியமித்த ஆசிரியர்களே பாடம் நடத்துகிறார்கள். லைட் ஸ்திரீட் கான்வென்டே 2018 முதல் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தியது. நம் பக்கமும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின்றன. லயம் காலியாக, தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள்.

ஆனால் ஒன்று மாறக்கூடாது. அம்மா சொல்வார்: “படிச்ச இங்கிலீசு பாதி மறந்து போச்சும்மா. நான் வரலன்னு ஒருத்தங்க தேடி வந்தாங்க பாரு, அது மட்டும் மறக்கல.”

அந்தச் சொல்தான் என்னை ஆசிரியராக்கியது. பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய நாளில் அம்மா அழுதது சந்தோஷத்தில் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பாரே பாதிரியார் அன்று தேடியது பள்ளிக்கு வர முடியாத ஏழைப் பிள்ளைகளை. நம் பள்ளிக்கும் அதே வேலை உண்டு. ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லையென்றால் நான் வீட்டுக்கு வருவேன். பெற்றோர்களே, கோபிக்காதீர்கள். பிள்ளையை நிறுத்துவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். “அடுத்த மாசம்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!