தரங்கம்பாடியின் மதில்களும் திருச்சபையும்

தரங்கம்பாடிக் கடற்கரையிலுள்ள டான்ஸ்போர்க் கோட்டை வாணிகத்தின் பொருட்டு எழுந்ததாகும். 1620-ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, டேனியர் ஆண்டுதோறும் திறை செலுத்தி இவ்வூரில் தங்கி வாணிகம் செய்யும் உரிமையைப் பெற்றனர். மிளகே அவர்கள் நாடிய பொருள்.

ஊரைச் சூழ்ந்த மதில் பின்னரே எழுந்தது. தாயகத்திலிருந்து கப்பலே வாராத நெடுங்காலத்தில், எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்னும் தலைவர் 1660-களில் அதனைக் கட்டுவித்தார். மேற்கே நகர வாயில், கிழக்கே கடலோரக் கோட்டை, இரண்டையும் இணைக்கும் இராஜ வீதி என ஊர் அமைந்தது. 1699-இல் தஞ்சைப் படை இவ்வூரை முற்றுகையிட்டது.

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், அரசர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப்பெற்ற சீகன்பால்குவும் புளுட்சோவும் இங்கு வந்திறங்கினர். அரசரே அனுப்பியும், அவருடைய கோட்டை அவர்களை வரவேற்கவில்லை. கைம்பெண் ஒருவருக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசியதைத் தொடர்ந்து, 1708-ஆம் ஆண்டு இறுதியில் ஆளுநர் ஹாசியஸ் அவரைக் கோட்டைக்குள் சிறையிட்டார். நான்கு மாதம் அவர் அங்கே இருந்தார். அவ்வாண்டுதான் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். விடுதலைக்குப்பின் 1711-இல் அப்பணி நிறைவுற்றது. 1715-இல் நூல் முழுமையாக அச்சேறியது. வாணிகரின் கோட்டை நற்செய்திக்கு அரணாகவுமில்லை, அதனைத் தடுத்து நிறுத்தவும் இயலவில்லை.

ஆயினும் கல் மதிலைவிட வலிய மதில் ஒன்று இருந்தது. 1718-இல் இராஜ வீதியில் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவமானது. அதனுள்ளும் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கம் வேரூன்றியது. 1733-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்று, புராட்டஸ்டண்டு திருச்சபையின் முதல் இந்தியக் குருவானார். ஆனால் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்த இராஜநாயக்கனுக்கு அப்பட்டம் மறுக்கப்பட்டது. அவர் கையால் திருவிருந்து பெற உயர்குலத்தார் இணங்கமாட்டார் என்பதே காரணம். 1741-இல் தியோகு என்பவரே குருவாக்கப்பட்டார். எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கூறும் நடுச்சுவர், அச்சபையில் மறுபடியும் கட்டப்பட்டது எனலாம்.

1808-இல் ஆங்கிலேயர் வசமான தரங்கம்பாடி, 1815-இல் டேனியருக்குத் திரும்பக் கிடைத்தது. 1845-இல் ஆங்கிலக் கும்பினிக்கே விற்கப்பட்டது. பின்னர்க் காவலுக்கு வேலையின்றி மதில் சிதைந்தது. நகர வாயிலும் கோட்டையும் எஞ்சின. வாயிலைக் கடந்து இராஜ வீதியில் நடப்போர் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பெற்ற அவ்வாலயத்தைக் காண்பர். கல் மதில் பகைவனுக்கு அஞ்சிக் கட்டப்பட்டது. காலம் அதனைத் தகர்த்தது. சாதி மதிலோ உடன்விசுவாசிக்கு அஞ்சிக் கட்டப்பட்டது. அதனைக் காலம் தகர்க்கும் எனக் காத்திருத்தல் திருச்சபைக்குத் தகாது; கட்டிய கைகளே அதனை இடித்தல் வேண்டும்.